செங்கமாரியும் காப்பில்லமும்

கண்ணும் தோலும் மஞ்சளிக்க, சிறுநீர் கடுந் தேநீரின் நிறம் பெற, உணவில் வெறுப்பும் உடலிற் சோர்வும் மிகும் நோயை ஈழத் தமிழர் செங்கமாரி என வழங்குவர். தமிழகத்தார் மஞ்சட்காமாலை என்பர். பெயர் வேறாயினும் அச்சம் ஒன்றே. வன்னிக் கிராமங்களில் இந்நோய் காணப்பட்டவுடன் கீழ்க்காய்நெல்லியைத் தேடிப் பிடுங்கி, அரைத்து, மோரிற் கலந்து கொடுத்தலும், எண்ணெயும் இறைச்சியும் விலக்கிப் பத்தியம் காத்தலும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்கள். ஆயின் செங்கமாரி தனியொரு நோயன்று. ஈரல் பழுதுற்றமையை வெளிக்காட்டும் அறிகுறியே அது. ஈரலைப் பழுதாக்குவன பலவற்றுள் முதன்மையானவை கண்ணுக்குப் புலனாகாத வைரசுக்கள். அவற்றால் உண்டாகும் ஈரல் அழற்சியை ஏ, பி, சி, டி, ஈ என மருத்துவ நூலார் ஐந்தாக வகுத்துள்ளனர். ஏ வகையும் ஈ வகையும் நோயுற்றோரின் மலத்தினால் மாசடைந்த நீராலும் உணவாலும் பரவுவன. ஏனைய மூன்றும் குருதியாலும் உடற்கசிவுகளாலும் பரவுவன. முன்னவை பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கும். பின்னவை சிலரது உடலில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, ஈரலைச் சுருக்கிப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

இன்று பாடநூலிற் சில வரிகளுள் அடங்கிவிடும் இவ்வறிவு எவ்வாறு கிடைத்தது என வினவுவோர் சிலரே. அதன் பெரும்பகுதி உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் உடலிலிருந்து பெறப்பட்டது என்பது வரலாறு. அப்பிள்ளைகள் பெருங் காப்பில்லங்களில் அடைபட்டிருந்தனர். தமது இசைவைக் கூறவோ மறுக்கவோ இயலாதோராயிருந்தனர். அவ்வில்லங்களில் ஈரல் அழற்சி வேரூன்றியமைக்குக் காரணம் அவர்தம் உளக் குறைபாடா, அன்றி அவர் வாழ்ந்த வீடா? அவர்களாற் பெற்ற அறிவுக்கு உலகம் கைம்மாறு செய்ததா? இவ்விரு வினாக்களும் அமெரிக்க நாட்டுக்கு மட்டும் உரியனவல்ல. 2009 ஆம் ஆண்டைக் கண்ட வன்னிக்கும் உரியன.

செங்கமாரி ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்ற ஐயம் பழையது. 1883 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிறேமன் நகரக் கப்பல் தளத்திலே, மனிதரின் நிணநீரைக் கொண்டு பெரியம்மைக்கு ஊசி ஏற்றப்பட்ட தொழிலாளர் 1,289 பேருள் 191 பேர் சில மாதங்களிற் செங்கமாரியுற்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆம் ஆண்டில், மஞ்சட் காய்ச்சலைத் தடுக்கும் ஊசியேற்றப்பட்ட அமெரிக்கப் படைவீரருள் ஏறக்குறைய 50,000 பேர் இந்நோயால் வீழ்ந்தனர். அவ்வூசி மருந்திற் கலந்திருந்த மனிதக் குருதிநீரே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. நீராற் பரவும் நோயும் குருதியாற் பரவும் நோயும் வெவ்வேறு எனக் கொண்டு, 1947 இல் மக்கலம் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அவற்றுக்கு ஏ, பி என்னும் பெயர்களை இட்டார். எனினும் எந்த வைரசையும் எவரும் கண்டிலர். ஆய்வுகூடத்தில் வளர்க்கவும் இயலவில்லை. ஆகவே மனித உடலே ஆய்வுக்களமாயிற்று.

அக்களங்களுட் பெரும்பெயர் பெற்றது நியூயோர்க் நகரின் ஸ்ரற்றன் தீவில் 1947 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வில்லோபுறூக் மாநிலப் பாடசாலை. பெயரளவிலே பாடசாலை, உண்மையில் அது உளவளர்ச்சி குன்றியோரை அடைத்து வைத்த பெருங் காப்பில்லம். ஏறக்குறைய 4,000 பேருக்கென அமைந்த அவ்விடத்தில் 1960 களின் நடுப்பகுதியில் 6,000 பேருக்கு மேற்பட்டோர் இருந்தனர். கட்டிலோடு கட்டில் முட்டி நின்றது. பல பிள்ளைகள் மலசலகூடத்தைப் பயன்படுத்தப் பழக்கப்படாதவர். அவர்களைக் கழுவி உடுத்துப் பராமரிக்க ஆளில்லை. 1965 இல் அவ்விடத்தைச் சென்று பார்த்த செனற்றர் ரொபேர்ட் கென்னடி அதனைப் பாம்புக்குழிக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார்.

இத்தகைய வீட்டில் ஈரல் அழற்சி பரவும் முறையை விளங்கிக்கொள்ளல் அரிதன்று. ஒரு பிள்ளையின் மலம் பட்ட கை மற்றொரு பிள்ளையின் வாயை அடைகின்றது. ஏ வகை பரவுகின்றது. கடியும் கீறலும், பலர் பயன்படுத்தும் ஒரே பற்றூரிகையும் சவரக் கத்தியும் குருதியைக் கடத்துகின்றன. பி வகை பரவுகின்றது. சிறு பிள்ளைகள் ஏ வகையினாற் பீடிக்கப்படும்போது பெரும்பாலும் மஞ்சள் நிறம் தோன்றுவதில்லை. ஆதலின் நோய் மறைவாகவே சுற்றிவந்து, பராமரிக்கும் ஊழியரைப் பற்றும்போதுதான் செங்கமாரியாக வெளிப்படும். வில்லோபுறூக்கிலும் ஊழியர் பலர் நோயுற்றனர்.

அங்கே 1950 களின் நடுப்பகுதியில் ஆய்வு மேற்கொள்ள வந்தவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்துக் குழந்தை மருத்துவர் சோல் குறுக்மன். காமா குளோபுலின் எனப்படும் குருதிப் புரதத்தை ஊசி மூலம் ஏற்றினால் நோய் பெரிதும் குறைதலை அவர் முதலிற் காட்டினார். இதனோடு நின்றிருப்பின் அவர் பெயர் ஐயமின்றிப் போற்றப்பட்டிருக்கும். ஆயின் அவரும் துணைவரும் நோயின் இயல்பை அறியும் பொருட்டு, புதிதாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தாமே நோயை ஊட்டினர். நோயுற்றோரின் மலத்திலிருந்து எடுத்த சாறு உணவுவழி கொடுக்கப்பட்டது. பின்னர் நோய்க்குருதிநீர் ஊசியாலும் ஏற்றப்பட்டது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் 700 பேருக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்தத் தனிப் பிரிவிற் சேர்க்கப்பட்டனர். அதன் பயனாக 1967 இல் இருவகை நோயும் இருவேறு வைரசுக்களால் உண்டாவன என்பது உறுதியாயிற்று. ஒன்று ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெளிப்பட்டு எளிதிற் பரவியது. மற்றையது நீண்ட காலம் உடலில் உறங்கிப் பின் வெளிப்பட்டது.

குறுக்மன் தம் செயலுக்கு நான்கு காரணங்களைக் காட்டினார். வில்லோபுறூக்கில் வாழும் எப்பிள்ளைக்கும் இந்நோய் எப்படியும் வரும். கொடுக்கப்பட்ட வைரசு கடுமையற்றது. தனிப் பிரிவில் இருந்த பிள்ளைகள் வயிற்றுளைவு, சின்னமுத்து முதலிய வேறு நோய்களிலிருந்து காக்கப்பட்டனர். பெற்றோர் எழுத்தில் இசைவளித்தனர். இவற்றுள் முதற் காரணமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. எப்படியும் வரும் என்றால், அதனை வரச் செய்தது எது? நெருக்கமும் அழுக்கும் ஆட்குறைவும் அன்றோ? அவற்றை மாற்றுதல் மனிதரால் ஆகாத காரியமன்று. வீட்டின் குற்றத்தை இயற்கையின் விதியாகக் கொண்டதே அவ்வாதத்தின் பிழை. பெற்றோரின் இசைவும் உண்மையிற் கட்டற்றதன்று. 1964 இன் பிற்பகுதியில் இடநெருக்கடியினாற் பொதுச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. ஆய்வுப் பிரிவிலோ இடம் இருந்தது. வீட்டிற் பராமரிக்க வழியற்று, பிள்ளையைச் சேர்க்கக் காத்திருந்த ஒரு தாய்க்கு இசைவளித்தலன்றி வேறு வழி யாது?

போர்க்காலக் கொடுமைகளை விசாரித்த நியூரெம்பேர்க் நீதிமன்றம், ஆய்வுக்கு உட்படுவோரின் மனமுவந்த இசைவு இன்றியமையாதது என 1947 இலேயே வகுத்திருந்தது. அவ்வாண்டிலேயே வில்லோபுறூக்கும் திறக்கப்பட்டது. 1966 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து ஹென்றி பீச்சர், நெறி தவறிய மருத்துவ ஆய்வுகள் இருபத்திரண்டைத் தொகுத்து வெளியிட்டபோது இதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். 1971 இல் ஸ்ரீபன் கோல்ட்பி என்னும் மருத்துவர், தமக்குப் பயன் தராத தீங்கான ஆய்வுக்குப் பிள்ளைகளை உட்படுத்தல், அவர் எத்தகைய உளநிலையினராயினும், தகாது என லான்செற் மருத்துவ இதழுக்கு எழுதினார். அவ்விதழின் ஆசிரியர் அவர் கூற்றை ஏற்றனர். மற்றொரு புறத்தில், குறுக்மன் 1983 இல் லாஸ்கர் பரிசையும் பெற்றார். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமை வரலாற்றின் சிக்கலைக் காட்டும்.

இதே காலத்திற் பிலடெல்பியாவில் மற்றொரு ஆய்வு நடைபெற்றது. பரூக் புளும்பேர்க் என்பவர் ஈரல் அழற்சியைத் தேடியவரல்லர். பல்வேறு மக்களின் குருதியில் உள்ள பரம்பரை வேறுபாடுகளை ஆராய்ந்தவர். அவரும் ஹாவி ஓல்ட்டரும் அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியிற் புதியதொரு பொருளைக் கண்டு, 1965 இல் அதனை வெளியிட்டனர். அது அவுஸ்திரேலிய அன்டிஜன் எனப் பெயர் பெற்றது. வெண்குருதிப் புற்றுநோயாளரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. டவுண் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலையோடு பிறந்தோர் அப்புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்தவர். ஆதலின் அவர்தம் குருதியையும் புளும்பேர்க் சோதித்தார். பெருங் காப்பில்லத்தில் வாழ்ந்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பேரிடம் அப்பொருள் இருந்தது.

இவ்விடத்திலேதான் முதல் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. பிறவி நிலையே காரணமாயின், அந்நிலையோடு பிறந்த யாவரிடமும் அப்பொருள் ஒரே அளவிற் காணப்படல் வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. புதிதாகப் பிறந்த குழந்தைகளிடம் அது இல்லை. பெற்றோருடன் வீட்டில் வளர்ந்தோரிடமும் சிறிய இல்லங்களில் வாழ்ந்தோரிடமும் குறைவாகவே இருந்தது. இல்லம் பெருக்கப் பெருக்க அதுவும் பெருகியது. 1966 இல், முன்னர் அப்பொருள் இல்லாதிருந்த ஒருவரிடம் அது புதிதாகத் தோன்றியபோது, அவர் ஈரல் அழற்சிக்கு உள்ளாகியிருந்தமையும் தெரியவந்தது. அது பரம்பரைப் பொருளன்று, பி வகை வைரசின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. டவுண் நிலையினரின் நோயெதிர்ப்பு வேறுபட்டிருத்தலால், ஒருமுறை புகுந்த வைரசு அவருடலில் நெடுங்காலம் தங்குவதுண்டு. எனினும் வைரசை அவரிடம் கொண்டு சேர்த்தது அவர் பிறப்பன்று. அவர் வாழ்ந்த இல்லமே.

தடுப்பூசிக்கும் இவ்விரு வழிகளும் உதவின. நோய்க்குருதிநீரை நீரிற் கலந்து ஒரு நிமிட நேரம் கொதிநிலையில் வைத்து ஊசியேற்றினால், அது நோயை உண்டாக்காது காப்பளிக்கும் என 1971 இல் வில்லோபுறூக்கிற் காட்டப்பட்டது. புளும்பேர்க்கும் அவர் துணைவரும் 1969 இலேயே தடுப்பூசி செய்யும் முறைக்கு உரிமை கோரியிருந்தனர். மொறிஸ் ஹில்மன் செம்மைப்படுத்திய ஊசி 1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நொதியத்தின் துணையால் ஆக்கப்படும் ஊசி 1986 இல் வந்தது. புளும்பேர்க் 1976 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 1982 இல் இவ்வூசியை முதலிற் பெறவேண்டியோரை அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் வரிசைப்படுத்தியபோது, உளவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் வாழ்வோரையும் அங்குப் பணிபுரிவோரையும் அவ்வரிசையிற் சேர்த்தனர். கைம்மாறு என்று கூறத்தக்கது இது ஒன்றே.

வில்லோபுறூக்கின் முடிவு வேறு வழியில் வந்தது. 1972 இன் தொடக்கத்தில், அங்கிருந்து நீக்கப்பட்ட மருத்துவர் ஒருவரின் உதவியால் ஜெறால்டோ றிவேறா என்னும் செய்தியாளர் உள்ளே நுழைந்து, ஆடையின்றி அழுக்கிற் கிடந்த பிள்ளைகளைத் தொலைக்காட்சியிற் காட்டினார். பெற்றோர் அவ்வாண்டிலேயே வழக்குத் தொடுத்தனர். 1975 இற் கைச்சாத்தான இணக்கத் தீர்ப்பு, அங்கு வாழ்வோரின் தொகையை 250 ஆகக் குறைத்து, ஏனையோரை ஊர்களிற் சிறு வீடுகளில் வாழ வைக்குமாறு பணித்தது. 1987 இல் வில்லோபுறூக் மூடப்பட்டது.

ஆயினும் வெளியே வந்த பிள்ளைகளை நோயின் பெயர் விடவில்லை. இல்லத்திற் பெற்ற பி வகை வைரசைச் சுமந்த ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளை ஏனைய மாணவரிடமிருந்து பிரித்துவைக்க நியூயோர்க் நகரக் கல்விச் சபை முற்பட்டது. வைரசை அவர்கட்குக் கொடுத்ததும் சமூகம். அதன் பொருட்டு அவர்களை ஒதுக்க முனைந்ததும் சமூகம். வகுப்பறையில் அவர்களால் நோய் பரவும் என்பதற்குச் சான்று இல்லை எனவும், உளவளர்ச்சி குன்றாத மாணவருள் வைரசைச் சுமப்போரைத் தேடாது இவர்களை மட்டும் ஒதுக்குதல் சட்டத்துக்கு மாறான பாகுபாடு எனவும் 1979 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு ஆசிரியர் யாவரும் அறிந்திருக்கத் தக்கது.

இனி வன்னியை நோக்குவாம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து வெளியேறிய ஏறக்குறைய 2,80,000 மக்கள் முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடுத்து, அருவியாற்றின் அயலிற் காட்டை வெட்டி அமைக்கப்பட்ட மெனிக் பாம். கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எனப் பெரியோர் பெயர்கள் அதன் பிரிவுகளுக்கு இடப்பட்டன. கூடாரங்கள் நெருங்கி நின்றன. குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் நீண்ட வரிசைகள். அவ்வாண்டு அம்முகாம்களில் கொப்புளிப்பானும் வயிற்றோட்டமும் பரவின. ஏ வகை ஈரல் அழற்சியும் பெருந்தொகையானோரைப் பீடித்தது. ஓகஸ்ட் மாத மழையிற் கூடாரங்களுள் வெள்ளம் புகுந்து மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. மெனிக் பாம் 2012 செப்தெம்பரில் மூடப்பட்டது.

மெனிக் பாமில் இருந்தோர் உளவளர்ச்சி குன்றியோர் அல்லர். வயலை உழுதோரும் கடலில் வலை வீசியோரும் பாடசாலையிற் கற்பித்தோரும் அவர். தத்தம் வளவுகளில் கிணற்று நீரை இறைத்து, கொதித்தாறிய நீர் பருகி, தூய்மை பேணி வாழ்ந்தோரே அவர். கைகழுவும் அறிவு முகாமுக்குட் சென்றதும் மறைந்துவிடவில்லை. கழுவும் நீரே போதாதாயிற்று. பிலடெல்பியாவின் சோதனை ஒரே பிறவி நிலையினர் வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு அளவில் நோயுற்றமையைக் காட்டியது. செட்டிகுளம், வேறுபட்ட மனிதரும் ஒத்த நெருக்கத்தில் ஒத்த வகையிற் செங்கமாரியுறுவர் எனக் காட்டியது. ஒன்று பி வகை, மற்றையது ஏ வகை. பரவும் வழிகளும் வேறு. எனினும் இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்றே: நோயை வளர்ப்பது மனிதரின் குறைபாடன்று, அவரை அடைத்து வைத்த இடத்தின் குறைபாடு.

போரின் பின் வன்னியிற் பெற்றோரை இழந்தோருக்கும் விசேட தேவையுடையோருக்கும் அறநோக்குடையோர் நடத்தும் இல்லங்கள் பெரும்பணி ஆற்றுகின்றன. அத்தகைய இல்லங்களுக்கு இவ்வரலாறு கூறும் பாடங்கள் எளியன. இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் பி வகை ஈரல் அழற்சிக்கான ஊசி 2003 ஆம் ஆண்டு தொடக்கம் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஆதலின் அதற்கு முற்பிறந்து இன்று வளர்ந்தோராய் இல்லங்களில் வாழ்வோர் குழந்தைப் பருவத்தில் அத்திட்டத்தால் அதனைப் பெற்றிலர். அவரைப் பராமரிப்போருட் பலரும் அவ்வாறே. இவர்கள் தடுப்பூசி பெற்றுள்ளனரா எனக் கேட்டறிந்து ஏற்றுவித்தல் முதற் கடமை. ஒவ்வொருவருக்கும் தனிப் பற்றூரிகையும் தனிச் சவரக் கத்தியும் கொடுத்தல் செலவு மிக்கதன்று. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உரிய தூரம் பேணல், கிணற்று நீருக்குக் குளோரின் இடுதல், கொதித்தாறிய நீரையே பருகக் கொடுத்தல், சமைப்பவரும் பிள்ளைகளைக் கழுவுபவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவல் ஆகியன ஏ வகையைத் தடுக்கும். வைரசினால் உண்டாகும் ஈரல் அழற்சி அறிவிக்கப்பட வேண்டிய நோயாகலின், ஒருவருக்குச் செங்கமாரி கண்டவுடன் சுகாதார வைத்திய அதிகாரிக்கோ பொதுச் சுகாதார பரிசோதகருக்கோ தெரிவித்தல் வேண்டும்; இல்லத்தின் பெயர் கெடும் என மறைத்தல் ஆகாது.

கீழ்க்காய்நெல்லியைப் பற்றியும் ஒரு சொல். பி வகை வைரசைச் சுமப்போருக்கு அதனைக் கொடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினர் செய்த ஆய்வு 1988 இல் லான்செற்றில் வெளியாகியது. அக்குழுவில் புளும்பேர்க்கும் ஒருவராயிருந்தமை தமிழ் மருத்துவத்துக்குப் பெருமையே. ஆயின் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதன் முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஏ வகை பெரும்பாலும் தானே தணிவது; ஆகவே எதைக் குடித்தாலும் குணமானது போலத் தோன்றும். மூலிகையில் நம்பிக்கை வைத்து, நோய் வந்த கிணற்றை மறந்துவிடுதலே தீங்கு.

இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரை அக்காரணத்தாற் கல்வி நிலையங்களிற் பாகுபடுத்தலைத் தடைசெய்கின்றது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. எவரையும் அவர்தம் இசைவின்றி மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தல் ஆகாது என அச்சமவாயம் விதிக்கின்றது. இவ்விதிகளின் பின்னே வில்லோபுறூக்கின் பிள்ளைகள் நிற்கின்றனர். இன்று பிறக்கும் வன்னிக் குழந்தை பெறும் பி வகைத் தடுப்பூசியிலும் அவர்க்குப் பங்குண்டு. அவர்கள் அதனை மனமுவந்து கொடுத்தாரல்லர், அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே அது கொடையன்று, கடன். அக்கடனைத் தீர்க்கும் வழி, அவர் போன்றோர் வாழும் இல்லம் எதுவாயினும் அது சிறியதாக, தூயதாக, ஊராரின் கண்ணுக்குத் திறந்ததாக இருக்கச் செய்தலே.